ஈ.எஸ்.ஐ. லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிறீர்களா? தேதி, சான்றிதழ், பணம்: ஒரு வழிகாட்டி

மில், பவுண்டரி, பனியன் கம்பெனி, ஓட்டல், கடை, தனியார் பள்ளி என்று ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ள எந்த இடத்தில் வேலை பார்ப்பவருக்கும் இது பொருந்தும். உடம்புக்கு முடியாமலோ விபத்தில் அடிபட்டோ லீவில் இருந்து, ஈ.எஸ்.ஐ. பணம் வாங்கிக்கொண்டிருந்தவர் மறுபடி வேலைக்குப் போகும்போது எதை முதலில் செய்வது, எதை எழுதி வாங்குவது, பணம் எங்கே நழுவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விதிதான் இருக்கிறது. சம்பளம் வந்த நாளுக்கு ஈ.எஸ்.ஐ. பணம் கிடையாது. வேலைக்குப் போன நாள், சம்பளத்தோடு லீவு போட்ட நாள், சம்பளம் உள்ள விடுமுறை நாள், வேலைநிறுத்தத்தில் இருந்த நாள் ஆகிய நான்குக்கும் நோய்க்காலப் பணமோ தற்காலிக ஊனப் பணமோ வராது. அரை நாள் வேலை, மீதி அரை நாளுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற ஏற்பாடும் இல்லை. ஆகவே ஈ.எஸ்.ஐ. பணம் நிற்கிற தேதியும் சம்பளம் தொடங்குகிற தேதியும் ஒட்டி வர வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் அந்த நாட்களுக்கு இரண்டு பக்கமும் காசு இல்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறினால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

முதலில்: நீங்கள் வாங்குவது எந்தப் பணம்?

லீவில் இருப்பவர்களில் பலருக்கே இது தெரிவதில்லை. "ஈ.எஸ்.ஐ. லீவு" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் திரும்பும்போது என்ன நடக்கும் என்பது, எந்தத் தலைப்பில் பணம் வருகிறது என்பதைப் பொறுத்தது.

சாதாரண நோய்க்காலப் பணம்: சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம். அடுத்தடுத்து வரும் இரண்டு பலன் காலங்களில், அதாவது ஓராண்டில், மொத்தம் 91 நாள் வரை. நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை.

நீட்டித்த நோய்க்காலப் பணம்: காசநோய், புற்றுநோய், பக்கவாதம், மனநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு. 91 நாள் முடிந்த பிறகு 80 சதவீதம் வரும். இரண்டு ஆண்டு வரை நீளலாம். இதற்கு இரண்டு ஆண்டு தொடர்ந்து ஈ.எஸ்.ஐ. வேலையில் இருந்திருக்க வேண்டும். முந்தைய நான்கு சந்தா காலங்களில் (ஆறு மாதம் ஒரு சந்தா காலம்) 156 நாளாவது சந்தா, அதாவது சம்பளத்தில் பிடிக்கும் ஈ.எஸ்.ஐ. தொகை, கட்டியிருக்க வேண்டும்.

தற்காலிக ஊனப் பணம், தொழிலாளிகள் மொழியில் "ஆக்சிடென்ட் பணம்": வேலையால் நேர்ந்த காயத்துக்கும் தொழில்சார் நோய்க்கும். 90 சதவீதம். வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. விபத்து நடந்த நாளைக் கழித்து மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் இருந்திருக்க வேண்டும். நாள் வரம்பும் இல்லை; வேலை செய்ய முடியாத நிலை இருக்கும்வரை வரும்.

நிரந்தர ஊனப் பணம்: காயம் ஆறியபிறகும் உழைக்கும் திறனில் குறை தங்கிவிட்டால், ஆயுள் முழுவதும். இது மட்டும் முற்றிலும் வேறு வகை. வேலைக்குத் திரும்பினாலும் நிற்காது. அதைப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு கணக்கு. சராசரி நாள் சம்பளம் ₹500 என்றால், நோய்க்காலப் பணம் நாளுக்கு ₹350. பத்து நாள் சான்றிதழ் இருந்தால் முதல் இரண்டு நாள் போக எட்டு நாளுக்கு ₹2,800. அதே பத்து நாள் வேலைக் காயமென்றால் நாளுக்கு ₹450 வீதம் ₹4,500. விபத்தில் அடிபட்டவரை "சாதாரண சிக்னஸ்ல போட்டுக்கலாம்பா, ஆக்சிடென்ட் ரிப்போர்ட் எல்லாம் எதுக்கு" என்று சூப்பர்வைசர் சொன்னால், அவர் உங்களுக்குச் செய்யும் உதவி இல்லை அது. பணம் குறைவதோடு, பிற்பாடு நிரந்தர ஊனப் பணம் கேட்கும்போது காட்ட ஆதாரமே இல்லாமல் போகும். விபத்து விவரம் படிவம் 11 என்ற விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். கம்பெனி படிவம் 12இல் 24 மணி நேரத்துக்குள் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதுவரை செய்யவில்லை என்றால், திரும்பி வேலைக்குப் போகும் முன்பே எழுத்தில் கேட்டுச் செய்ய வையுங்கள். போன பிறகு கேட்பது கடினம்.

சான்றிதழ்ச் சங்கிலி அறுந்திருக்கிறதா பாருங்கள்

வேலைக்குத் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போதே, வீட்டில் இருக்கும் எல்லாச் சான்றிதழ்களையும் தேதி வாரியாக அடுக்குங்கள். ஈ.எஸ்.ஐ. மருந்தக டாக்டர் தருவது படிவம் 7. முதல் சான்றிதழ், இடைக்காலச் சான்றிதழ், இறுதிச் சான்றிதழ் மூன்றும் அதே படிவம்தான். இடைக்காலச் சான்றிதழ் பொதுவாக ஏழு நாளுக்கு ஒருமுறை வாங்க வேண்டியது. நீண்டநாள் நோய் என்று டாக்டர் முடிவு செய்தால் படிவம் 8இல் நான்கு வாரம் வரை சேர்த்துத் தருவார்.

ஒரு சான்றிதழ் 10ஆம் தேதி முடிந்து, அடுத்தது 13ஆம் தேதி தொடங்கினால் 11, 12 இரண்டு நாளும் அந்தரத்தில் நிற்கும். அந்த நாட்களுக்கு ஈ.எஸ்.ஐ. பணமும் வராது, கம்பெனியும் "சொல்லாமல் வராத நாள்" என்று போடும். இடைவெளி கண்ணில் பட்டால் அதே வாரத்தில் டாக்டரிடம் போய், அன்று ஏன் வர முடியவில்லை என்பதைச் சொல்லுங்கள். வெளியே சிகிச்சை பெற்றிருந்தால் அந்தச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் காட்டுங்கள். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பின் தேதியிட்டுக் கேட்டால் எந்த டாக்டரும் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது.

தனியார் மருத்துவமனைச் சான்றிதழை மட்டும் நேரே கம்பெனியில் கொடுத்துவிட்டு, ஈ.எஸ்.ஐ. பணம் வரும் என்று காத்திருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கம்பெனி லீவு கொடுக்கலாம், ஈ.எஸ்.ஐ. பணம் நகர, மருந்தக டாக்டரின் சான்றிதழ் வேண்டும்.

இன்னொன்று, சொந்த ஊர். திருப்பூரிலோ ஓசூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, லீவில் விருதுநகர்ப் பக்கம் ஊருக்குப் போய் இருப்பவர்கள் நிறைய. பணம் வாங்கும் காலத்தில் டாக்டரின் அனுமதி இல்லாமல் சிகிச்சை பெறும் பகுதியை விட்டுப் போகக்கூடாது என்பது விதி. குணமாவதைத் தடுக்கும் எதையும் செய்யக்கூடாது; வரச்சொன்னால் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஊருக்குப் போக வேண்டியிருந்தால் முன்னதாகச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

ஃபிட்னஸ் (வேலைக்குத் தகுதி என்ற இறுதிச் சான்றிதழ்) வாங்கும் முன் டாக்டரிடம் என்ன பேசுவது

மருந்தக டாக்டருக்கு உங்கள் வேலை என்னவென்று தெரியாது. "கம்பெனியில வேலைங்க" என்றால் அவர் மனதில் வருவது மேஜை வேலையாகவும் இருக்கலாம். தெளிவாகச் சொல்லுங்கள்: ஒரு ஷிப்டில் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், எத்தனை கிலோ தூக்குகிறீர்கள், எத்தனை முறை, இரவு ஷிப்ட் உண்டா, ஏணி ஏற வேண்டுமா, பவர் பிரஸ் மாதிரி இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேகமாக இயங்க வேண்டிய மிஷினா, சூட்டில் நிற்கிறீர்களா, வண்டி ஓட்டுகிறீர்களா, மயக்கம் தரும் மாத்திரை இன்னும் சாப்பிடுகிறீர்களா. நூற்பாலையில் சைடு (நூற்கும் மிஷினின் ஒரு பக்கம்) பார்ப்பவர் ஒரு ஷிப்டில் நடக்கும் தூரத்தைக் கேட்டால், முழங்கால் ஆபரேஷன் ஆனவருக்கு அடுத்த வாரமே ஃபிட்னஸ் தர எந்த டாக்டரும் யோசிப்பார்.

கம்பெனி அவசரப்படுத்துகிறது என்பதற்காக ஃபிட்னஸ் கேட்காதீர்கள். அதேபோல, முடியும் என்று தெரிந்தும் பணத்துக்காக இழுக்காதீர்கள். லீவு நீண்டால் மேல்நிலை மருத்துவ அலுவலரிடம் மறுபரிசோதனைக்கு அனுப்புவார்கள். அங்கே "வேலைக்குத் தகுதி" என்று எழுதிவிட்டால் அந்தத் தேதி உங்கள் கையில் இருக்காது.

இறுதிச் சான்றிதழ் வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒரே ஒரு கட்டம்: எந்தத் தேதியிலிருந்து வேலைக்குத் தகுதி என்பது. பரிசோதித்த அன்றோ, அதிலிருந்து மூன்று நாளுக்குள் வரும் ஒரு தேதியோதான் அதில் வரும். சனிக்கிழமை போய், ஞாயிறு முதல் ஃபிட் என்று எழுதி வாங்கி, கம்பெனி திங்கள்தான் திறக்கும் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பணம் இல்லை. திங்கள் வேலை நாள் என்று சொல்லுங்கள். உடல்நிலை இடம் கொடுத்தால் டாக்டர் திங்கள் என்றே எழுதுவார்.

லைட் டூட்டி என்ற பொறி

"கொஞ்ச நாளைக்கு லைட் டூட்டி கொடுங்கள்" என்று டாக்டர் எழுதித் தருவது உண்டு. நல்லதுதான். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தனியார் கம்பெனி அந்தப் பரிந்துரையை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஈ.எஸ்.ஐ. விதிகளில் இல்லை. லைட் டூட்டியும் வேலைதான். அன்றைக்குச் சம்பளம் வந்துவிட்டால் ஈ.எஸ்.ஐ. பணம் அன்றோடு நிற்கும்.

இதில் பண நஷ்டம் எப்படி வரும் என்று பாருங்கள். ₹500 சம்பளக்காரர் விபத்துக்குப் பின் நாளுக்கு ₹450 வாங்கிக்கொண்டிருக்கிறார். "வாசல்ல செக்யூரிட்டி கூட உட்காருங்க, ₹400 தர்றோம்" என்கிறது கம்பெனி. ஒப்புக்கொண்டால் நாளுக்கு ₹50 குறையும். அந்த வித்தியாசத்தை ஈ.எஸ்.ஐ. ஈடுகட்டாது. வேண்டாம் என்று மறுக்கச் சொல்லவில்லை. வேலையில் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு வேறு நன்மைகளும் உண்டு. ஆனால் ஒப்புக்கொள்ளும் முன் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: பழைய சம்பளமே தொடருமா, எத்தனை வாரத்துக்கு, அது முடிந்ததும் பழைய இடத்துக்கே போகலாமா. எழுத்து என்றால் முத்திரைத்தாள் வேண்டியதில்லை, எச்.ஆர். அனுப்பும் ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ கூடப் பின்னால் பேசும்.

முதலில் ஃபிட்னஸ், அப்புறம்தான் லைட் டூட்டி. "சும்மா வந்து உட்காருங்க, பஞ்ச் பண்ண வேண்டாம்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். லீவில் இருப்பதாகக் காகிதம் சொல்லும்போது மிஷினில் மறுபடி அடிபட்டால், நீங்கள் அங்கே ஏன் இருந்தீர்கள் என்பதை நிரூபிக்கவே மாதக்கணக்கில் அலைய நேரும்.

லீவில் வேறு இடத்தில் சம்பாதிப்பதும் இதே கதைதான். பணம் வாங்கிக்கொண்டே ஆட்டோ ஓட்டுவது, வீட்டில் தறி ஓட்டுவது, மச்சான் கடையில் உட்கார்ந்து கூலி வாங்குவது எல்லாம் பொய்க் கோரிக்கையாகப் பார்க்கப்படும். பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு நிற்காது, வழக்கும் வரலாம்.

சேரும் நாள்

இறுதிச் சான்றிதழின் அசலைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்காதீர்கள். அசல் எங்கே தர வேண்டும் என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, மற்ற இடத்துக்கு நகல் கொடுங்கள். உங்கள் கைபேசியில் ஒரு படமும் இருக்கட்டும். கூடவே ஒரு பக்கக் கடிதம்: "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை ஈ.எஸ்.ஐ. மருத்துவ விடுப்பில் இருந்தேன், இன்ன தேதி முதல் வேலைக்குத் தகுதி என்று சான்றிதழ் பெற்றுள்ளேன், இன்று பணிக்கு வந்துள்ளேன்." இவ்வளவு போதும். கீழே உங்கள் பத்து இலக்க ஈ.எஸ்.ஐ. எண். டைம் ஆபீசில் கொடுத்து, இரண்டாவது பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

இந்தக் கடிதம் ஏன் என்று கேட்கலாம். சான்றிதழ் திங்கள் முதல் ஃபிட் என்கிறது. நீங்கள் திங்கள் காலை வாசலில் நிற்கிறீர்கள். "எங்க கம்பெனி டாக்டர் பார்க்கணும், அவர் வியாழன்தான் வருவார்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நீங்கள் நோயாளியும் இல்லை, வேலையாளும் இல்லை. ஈ.எஸ்.ஐ. பணம் ஞாயிறோடு முடிந்துவிட்டது. இந்த மூன்று நாள் சம்பளத்தைக் கேட்க வேண்டுமென்றால் நீங்கள் திங்களன்று வந்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். இதைத் தவிர்க்க, ஃபிட்னஸ் வாங்கப் போகும் முன்பே எச்.ஆரிடம் கேளுங்கள்: கம்பெனி டாக்டர் பரிசோதனை உண்டா, எந்தக் கிழமை? அந்தக் கிழமையை ஒட்டி இறுதிச் சான்றிதழுக்குப் போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

"லீவுல இருந்தப்பவே உங்களை எடுத்துட்டோம்" என்றால்? நோய்க்காலப் பணமோ தற்காலிக ஊனப் பணமோ வாங்கும் காலத்தில், அல்லது சான்றிதழோடு நோயில் இருக்கும் காலத்தில், வேலைநீக்கமோ பதவிக்குறைப்போ வேறு தண்டனையோ கொடுக்கக்கூடாது என்பது சட்டம். அந்தக் காலத்தில் கொடுத்த நீக்க நோட்டீஸ் செல்லாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு முடிவில்லாதது அல்ல. தொடர்ந்து ஆறு மாதம் தாண்டினால், காசநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 18 மாதம் தாண்டினால், பணி நிபந்தனைகள் இடம் கொடுக்கும் பட்சத்தில் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து நீக்க வழி இருக்கிறது. ஐந்தாவது மாதத்தில் இருப்பவர் இதை மனதில் வைத்துக் கம்பெனியோடு பேச்சைத் தொடங்கிவிட வேண்டும்.

கடைசித் தவணைப் பணம்

வேலைக்குச் சேர்ந்த சந்தோஷத்தில் விட்டுப்போவது இதுதான். கடைசி இடைக்காலச் சான்றிதழுக்கும் இறுதிச் சான்றிதழுக்கும் இடைப்பட்ட நாட்களுக்கான கோரிக்கை. கிளை அலுவலகத்தில், பழைய ஆட்கள் "லோக்கல் ஆபீஸ்" என்பார்கள், படிவம் 9 நிரப்பிக் கொடுக்க வேண்டும்; ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் காப்பீட்டாளர் உள்நுழைவு வழியாகவும் விண்ணப்பிக்கலாம். கோரிக்கைக்கு 12 மாத அவகாசம் இருந்தாலும், சேர்ந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் நோய்க்காலப் பணம் ஏழு நாளில் வர வேண்டும்.

வராவிட்டால் பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்று.

வங்கிக் கணக்கு. வங்கி இணைப்பால் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியிருக்கும்; அல்லது ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல்.

படிவம் 10. நீங்கள் சொல்லும் நாட்களில் உண்மையிலேயே வேலைக்கு வரவில்லையா, சம்பள லீவு ஏதும் கொடுத்தார்களா என்று கிளை அலுவலகம் கம்பெனியிடம் கேட்கும் படிவம் இது. கம்பெனி மேஜையில் இது தூங்கினால் உங்கள் பணமும் தூங்கும். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் படிவம் ஒப்பந்தக்காரரிடம் போயிருக்கும். முதன்மைக் கம்பெனி எச்.ஆர். "எங்களுக்கு வரலையே" என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். எங்கே போனது என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அங்கே போங்கள்.

ஈட்டிய விடுப்பு. நல்லெண்ணத்தில் எச்.ஆர். உங்கள் கணக்கிலிருந்த விடுப்பில் ஐந்து நாளை அந்த லீவுக்கு ஈடாகப் போட்டுச் சம்பளம் கொடுத்திருப்பார். அந்த ஐந்து நாளுக்கு ஈ.எஸ்.ஐ. பணம் வராது. எது வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்: முழுச் சம்பளம் வேண்டுமா, விடுப்பைச் சேமித்து 70 சதவீதம் வாங்குகிறீர்களா.

முதல் சம்பளச் சீட்டு

தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். அந்த மாதம் 12 நாள்தான் வேலை பார்த்து ₹6,000 வந்திருந்தால் பிடித்தம் ₹45. முழு மாதக் கணக்கில் பிடித்திருந்தால் கேளுங்கள்.

அதைவிட முக்கியமானது சீட்டில் தெரியாது. கம்பெனி ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் சந்தாக் கணக்கை இணையத்தில் ஏற்றும். நீங்கள் முழு மாதமும் லீவில் இருந்தால் வேலை நாள் பூஜ்யம் என்று போட்டு, ஏன் என்ற காரணத்தையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். "விடுப்பில்" என்பதற்குப் பதில் "வேலையை விட்டார்" என்பதைத் தட்டிவிட்டால், அந்தக் கம்பெனியில் உங்கள் பெயர் முடிந்துபோகும். நீங்கள் திரும்பி வந்ததும் சிலர் புது எண்ணே போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் பழைய சந்தா நாட்கள் எல்லாம் பழைய எண்ணிலேயே தங்கிவிடும். ஈ.எஸ்.ஐ. எண் ஆளுக்கு ஒன்றுதான். கம்பெனி மாறினாலும் அதே எண் தொடர வேண்டும். திரும்பிச் சேர்ந்த இரண்டாவது மாதம் இணையதளத்தில் உங்கள் சந்தா விவரத்தைத் திறந்து பார்ப்பது பத்து நிமிட வேலை.

78 நாள் கணக்கு

இது அவ்வளவாகப் பேசப்படாத பள்ளம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தா, அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை உங்களைக் காக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது, ஜூலை முதல் டிசம்பர் வரை. ஒவ்வொரு சந்தா காலத்திலும் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால்தான் அதற்குரிய பலன் காலத்தில் நோய்க்காலப் பணம் உண்டு. லீவில் இருந்த நாளுக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாத நாளுக்குச் சந்தா இல்லை.

விபத்தில் அடிபட்டு ஏப்ரல் 1 முதல் ஜூலை 15 வரை தற்காலிக ஊனப் பணத்தில் இருந்தவர், ஜூலை 16 அன்று சேர்கிறார் என்று வையுங்கள். செப்டம்பர் 30 வரை ஒரு நாள் விடாமல் சம்பளம் வந்தாலும் மொத்தம் 77 நாள். ஞாயிறு சம்பளம் இல்லாத இடமென்றால் இன்னும் குறையும். அடுத்த ஜனவரியில் டெங்கு வந்து படுத்தால் நோய்க்காலப் பணம் கிடையாது. இந்த டிசம்பர் வரை பிரச்சினை இல்லை. முந்தைய மார்ச் வரை கட்டியது காப்பாற்றும். அடி ஜனவரியில்தான் விழும். இதற்காக ஆறாத காலோடு ஓட வேண்டாம். ஆனால் டாக்டர் "இந்த வாரமோ அடுத்த வாரமோ, உங்களுக்கு எப்படி இருக்கிறதென்று பாருங்கள்" என்று சொல்லும் நிலையில் இருந்தால், காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

திரும்பிப் போய் மறுபடி முடியாவிட்டால்

நடக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை, இழுத்துப்பிடித்து நிற்பதுதான் தவறு. நோய்க்காலப் பணம் வாங்கிய கடைசி நாளிலிருந்து 15 நாளுக்குள் மறுபடி லீவு தொடங்கினால், அந்த முதல் இரண்டு நாள் கழிவு இந்தமுறை கிடையாது. முதல் நாளிலிருந்தே பணம் வரும். ஆகவே சேர்ந்த பத்தாவது நாள் காய்ச்சல் திரும்புகிறதென்றால் "இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் இரண்டு நாள் பணமும் போகும். 91 நாள் கணக்கு மட்டும் தொடர்ந்து ஓடும். வேலைக்குப் போய் வந்ததால் அது புதிதாகத் தொடங்காது.

வேலைக் காயம் மறுபடி மோசமானால் அது பழைய விபத்தின் தொடர்ச்சி என்று டாக்டரிடம் சொல்லி, பழைய விபத்துத் தேதியையே சான்றிதழில் குறிக்கச் செய்யுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண நோயாகப் பதிவாகும். 90 சதவீதம் 70 ஆகிவிடும். நோய்க்காலப் பணத்தையும் தற்காலிக ஊனப் பணத்தையும் ஒரே நாளுக்கு இரண்டாக வாங்க முடியாது. இரண்டுக்கும் தகுதி இருந்தால் எது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

நிரந்தர ஊனம்: வேலையும் பணமும் சேர்ந்தே

விரல் போனவர்கள் பலர், "வேலைக்குப் போயிட்டா ஈ.எஸ்.ஐ. பென்ஷன் நின்னுடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஊனத்தை அளவிடும் மெடிக்கல் போர்டுக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய நஷ்டம் இந்த விஷயத்தில் வேறில்லை. நிரந்தர ஊனப் பணம் நாள் கணக்கில் வேலை செய்யாததற்கான ஈடு அல்ல. குறைந்துபோன உழைப்புத் திறனுக்கான ஈடு. அதே கம்பெனியில் அதே சம்பளத்தில் வேலை பார்த்தாலும், சம்பளம் உயர்ந்தாலும், அது ஆயுள் முழுவதும் வரும். பிற்காலத்தில் நோய்க்காலப் பணத்தோடு சேர்த்தும் வாங்கலாம்.

தற்காலிக ஊனப் பணம் முடிந்து இறுதிச் சான்றிதழ் கையில் வந்ததும், மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொல்லிக் கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். 12 மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். போர்டு உழைப்புத் திறன் இழப்பைச் சதவீதமாகத் தீர்மானிக்கும். சில காயங்களுக்குச் சட்ட அட்டவணையிலேயே அளவு இருக்கிறது: கட்டைவிரல் முழுதும் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுதும் 14, நடுவிரல் முழுதும் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ முழுதும் 7 சதவீதம்.

₹500 சம்பளக்காரர் ஆள்காட்டி விரலை இழந்தால்: 90 சதவீதம் ₹450, அதில் 14 சதவீதம் நாளுக்கு ₹63, முப்பது நாள் மாதத்துக்கு ₹1,890. தற்காலிகப் பணம் நின்ற மறுநாளிலிருந்து நிலுவை கணக்கிடப்படும். முடிவு வந்ததும் படிவம் 14இல் கோரிக்கை. பணம் தொடர, கேட்கும்போதெல்லாம் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் நின்றுபோன கணக்குகள் ஏராளம்.

போர்டுக்குப் போகும்போது எக்ஸ்ரே, ஆபரேஷன் குறிப்பு, விபத்து அறிக்கை நகல் மூன்றும் வேண்டும். விரல் இருந்தும் மடங்கவில்லை, பிடி இல்லை என்றால் அதைச் சொல்லிச் செய்து காட்டுங்கள். போர்டு கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதிவிட வாய்ப்புண்டு. சில சமயம் முடிவு தற்காலிகமானது என்று குறித்து, மறுபடி வரச் சொல்வார்கள். அந்தத் தேதியைத் தவறவிடக்கூடாது. சதவீதம் குறைவு என்று தோன்றினால், முடிவு கிடைத்த மூன்று மாதத்துக்குள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ ஊழியர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ போகலாம்.

"உனக்குத்தான் ஈ.எஸ்.ஐ.ல வருதே" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கக் கம்பெனிக்கு உரிமை இல்லை. இன்னொரு சிறு தகவல்: ஈ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு மாதம் ₹21,000, மாற்றுத்திறனாளிகளுக்கு ₹25,000. திரும்பி வந்தபின் சம்பள உயர்வில் 21 ஆயிரம் தாண்டும் நிலை வந்தால், மாற்றுத்திறனாளி சான்றிதழைக் கம்பெனியில் கொடுத்திருந்தால் திட்டத்துக்குள்ளேயே இருக்கலாம்.

பழைய வேலை இனி முடியாது என்றால்

அரசு நிறுவன ஊழியர் என்றால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது. தனியார் தொழிலாளிக்கு அந்தக் கவசம் இல்லை. ஈ.எஸ்.ஐ.யில் அவர்களுக்கு இருப்பவை இரண்டு. வேலைக் காயத்தால் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுற்று, வயது 45க்கு மிகாமல் இருந்தால் தொழில் மறுவாழ்வுப் பயிற்சிக்கு உதவித்தொகை உண்டு. சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்பு சேவை மையம் இந்தப் பயிற்சிகளை நடத்துகிறது. வேலையோடு தொடர்பில்லாத காயத்தாலோ நோயாலோ 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் வந்து வேலை போய்விட்டால், இரண்டு ஆண்டு சந்தா கட்டியிருப்பவர் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவில் 24 மாதம் வரை வேலையின்மைப் படி கேட்கலாம்: முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு.

வேலைக் காயத்தால் வேலையை விட்டே விலகியவர், ஓய்வு வயது வரை ஆண்டுக்கு ₹120 கட்டி, தனக்கும் மனைவிக்கும் அல்லது கணவருக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம். கிளை அலுவலகத்தில் கேட்டாலொழிய யாரும் இதை வலியச் சொல்வதில்லை.

எந்தக் கட்டத்திலாவது சிக்கினால் முதலில் கிளை மேலாளர். அங்கே எழுத்து மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அசையவில்லை என்றால் மாதந்தோறும் நடக்கும் "சுவிதா சமாகம்" குறைதீர் கூட்டம். சென்னையில் மண்டல அலுவலகமும் கோவை, மதுரை, சேலம், திருநெல்வேலியில் துணை மண்டல அலுவலகங்களும் இருக்கின்றன. கட்டணமில்லா எண் 1800 11 2526. போனில் பேசும்போது ஈ.எஸ்.ஐ. எண், கம்பெனியின் 17 இலக்கக் குறியீடு, சான்றிதழ் தேதிகள் மூன்றும் கையில் இருக்கட்டும்.